மானதேவனுக்கு அலோனில் ஒரு பேரன்

என் மச்சான் கருப்பையா நேபாளத்துக்குப் போனதில்லை. நேபாளம் கிடக்கட்டும், பெகுவைத் தாண்டி வடக்கே ஓர் எட்டு வைத்தாரா என்பதே சந்தேகம். ஆனால் அந்த இமயமலைப் பள்ளத்தாக்கை எந்தக் காலத்தில் எந்த வம்சம் ஆண்டது, எந்த ராஜா யாரை விரட்டினான், எவன் மகன் எவனோடு சண்டை போட்டான் என்று அவரைக் கேளுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுவார். நாலு வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

முதலில் கோபாலர்களாம். மாடு மேய்த்தவர்கள். ஒரு பசு தினமும் ஒரே இடத்தில் போய்ப் பாலைச் சொரிந்ததாம், தோண்டிப் பார்த்தால் பசுபதிநாதர் இருந்தாராம். அப்புறம் மகிஷபாலர்கள், எருமை மேய்த்தவர்கள். பெருமைக்கு எருமை மேய்ப்பவன் என்று ஊரில் சொல்வார்களே, அந்த ஆட்கள் நிஜமாகவே எருமை மேய்த்து ராஜ்யமும் நடத்தியிருக்கிறார்கள். அவர்களை விரட்டிக் கிராதர், கிராதரை விரட்டி லிச்சவி, பிறகு தாக்கூரி, பிறகு மல்லர். மல்லர்களில் ஒருவன் போனபின் பிள்ளைகள் ராஜ்யத்தைப் பங்கு போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே இருந்தார்களாம். கடைசியில் மலையிலிருந்து கூர்க்காப் படை இறங்கி வந்து எல்லோரையும் மூட்டை கட்ட வைத்தது. இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? கரண்டு இல்லாத நேரத்தில் டீக்கடையில் அவருக்கு எதிரே உட்கார்ந்த பாவம்தான்.

மனிதர் கெட்டவர் இல்லை. அதுதான் இதில் பெரிய தொந்தரவு. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். இங்கே பர்மாவில், அலோன் படகுத்துறைப் பக்கத்துச் சந்தில் பிறந்தவர். அப்பா முத்தையா மூட்டை தூக்குகிறவர். கப்பலிலிருந்து சரக்கு இறக்கும்போது கயிறு அறுந்து விழுந்து போய்ச் சேர்ந்தார். அப்போது மச்சானுக்குப் பால்பல்கூட விழவில்லை. அவர் அம்மா காளியம்மா படகுத்துறை வாசலில் பருப்பு வடை சுட்டு விற்றே அவரை வளர்த்தார். பள்ளிக்கூடத்தில் தின் அவுங் என்று பர்மியப் பெயர் கொடுத்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது. அலோனில் வந்து கருப்பையா வீடு எது என்று கேட்டால் உங்களைக் கடைசிவரை சுற்றவிடுவார்கள். மரியாதைக்கு முன்னால் ஓர் 'ஊ' சேர்த்து, ஊ தின் அவுங் என்று கேட்டால் தெருநாய்கூட வாலாட்டிக்கொண்டு வழி காட்டும்.

கிடங்கு ஒன்றில் சரக்கு மூட்டைகளைச் சரிபார்க்கும் வேலை. குடி கிடையாது, சீட்டு கிடையாது. என் அக்கா சத்யபாமாவைக் கட்டி, ரேவதி என்று ஒரே ஒரு மகளைப் பெற்று, ஒழுங்காகக் குடும்பம் நடத்தினார். இருந்த ஒரே வியாதி ராஜா வியாதி. கல்யாணமான புதிதில் பாகான் ராஜாக்கள். அப்புறம் பல வருஷம் சோழர்கள். சோழர் கப்பல் பெகுவுக்கு வந்ததைப் பற்றிக் கிடங்கு மேலாளரிடமே வாதம் செய்து சம்பள உயர்வைக் கெடுத்துக்கொண்டார். இழவு வீட்டுக்குப் போனால் எந்த ராஜா எப்படிச் செத்தான் என்று ஆரம்பிப்பார். ஊரான் வீட்டு ராஜாவையெல்லாம் தோளில் தூக்கிச் சுமந்தாரே தவிர, தன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை.

நேபாளம் எப்படி வந்தது என்றால், ரேவதி மூலம் வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் பிகாஷ் என்ற பையனை விரும்புகிறேன் என்று அவள் ஒருநாள் சோற்றுத் தட்டின் முன்னால் சொல்லிவிட்டாள். நேபாளிக் குடும்பம். கூர்க்கா என்று நாம் பொதுவாகச் சொல்லுகிறோமே, அதில் ராய் என்ற பிரிவு. என் அக்கா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மூக்கைச் சிந்த ஆரம்பித்தாள். மச்சான் குதிப்பார் என்று நான் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவரோ மறுநாள் முழுக்கப் போனைப் பார்த்துவிட்டு வந்து, முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"ராய்னா யாரு தெரியுமா? கிராத வம்சம்! அந்தப் பள்ளத்தாக்கை எத்தனையோ நூறு வருஷம் ஆண்டவங்க. முதல் ராஜா யலம்பர். பாரதப் போரைப் பாக்கவே போனாராம்!"

"கிராதகனுக்கா என் பொண்ணைக் குடுக்கிறது?" என்றாள் அக்கா.

"ஏய், சம்பந்தி வீட்டை மரியாதையா பேசு" என்று அவர் சீறினார். சம்பந்தி யார் என்று யாருக்கும் தெரியாது, பெண் கேட்டு யாரும் வரவில்லை, அதற்குள் மரியாதை!

அன்றிலிருந்து போனும் கையுமாக இருந்தார். பிகாஷ் நல்ல பையன். குனிந்த தலை நிமிராதவன், அக்காவின் ரசத்துக்கே அடிமையாகிவிட்டான். அவன் வீட்டுக்கு வந்தால் மச்சான் அவனை உட்காரவைத்து அவன் பாட்டன் முப்பாட்டன் கதையை அவனுக்கே பாடம் நடத்துவார். அவனும் "ஆமாங்க, ஆமாங்க" என்று கேட்டுக்கொள்வான். ரேவதிக்காக அந்தப் பிள்ளை பட்ட பாடு கொஞ்சமில்லை. அவளும் நாலு வருஷமாகக் காத்திருந்தாள். அப்பா அம்மா மனதார அனுப்பாமல் போகமாட்டேன், அவர்கள் வீட்டிலும் முறைப்படி அழைக்காமல் போகமாட்டேன் என்று இரண்டு பக்கமும் பிடிவாதம் பிடித்தாள்.

ஒருவழியாகப் பேச்சு கூடியது. பிகாஷுக்கு அப்பா இல்லை. பெரியப்பா ஊ தன் பகதூர்தான் அந்தக் குடும்பத்துக்குத் தலை. வடக்கே மேமியோ மலையூரிலிருந்து இதற்காகவே தன்லியின் வந்து இறங்கியிருந்தார். முதல் பேச்சுக்குப் பெண்கள் போவது நம் வழக்கம் இல்லை என்று அக்காவை வீட்டில் விட்டுவிட்டு மச்சானும் நானும் மட்டும் பஸ் ஏறினோம். பெகு ஆற்றுப் பாலம் வரும்வரை நான் அவருக்குப் புத்தி சொல்லிக்கொண்டே போனேன்.

"மச்சான், ராஜா கதை வேணாம். பொண்ணைப் பத்திப் பேசுங்க, சாப்பாட்டைப் பத்திப் பேசுங்க, மழையைப் பத்திப் பேசுங்க."

"எனக்குத் தெரியாதா மாப்ளே? நான் என்ன சின்னப் பிள்ளையா?"

ஊ தன் பகதூர் குள்ளமான, கெட்டியான மனிதர். வெள்ளைச் சட்டை, இடுப்பில் லோன்ஜி என்ற பர்மியக் கைலி, மேலே ஒரு பழைய கோட்டு. எங்களை நன்றாக உட்காரவைத்து டீ கொடுத்தார். பேச்செல்லாம் பர்மிய மொழியில்தான், நான் தமிழில் சொல்லுகிறேன். டீக் கோப்பை பாதி காலியாகவில்லை, மச்சான் ஆரம்பித்துவிட்டார்.

"உங்க கிராத ராஜாக்களைப் பத்தி நிறையத் தெரிஞ்சு வச்சிருக்கேன்."

பெரியவர் முகம் மலர்ந்தது. "அப்படியா? எங்க பிள்ளைங்களுக்கே தெரியாதே!"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். "ஆனா ஒண்ணு சொல்லணும். லிச்சவி வந்தப்புறம்தான் அந்தப் பள்ளத்தாக்கு திருந்திச்சு. கோயில் என்ன, சிலை என்ன, கல்வெட்டு என்ன! மானதேவன்னு ஒரு ராஜா, தன் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பேரையெல்லாம் கல்தூண்ல வெட்டி வச்சிருக்கான். அதுதான் ராஜ லட்சணம்."

"எங்களை அடிச்சு விரட்டிட்டுத்தானே அதெல்லாம் கட்டினாங்க?" என்றார் பெரியவர்.

"விரட்டினது நாட்டுக்கு நல்லதாப் போச்சு" என்றாரே பார்க்கலாம்! பெண் கொடுக்க வந்த இடத்தில்! நான் அவர் காலை ஓங்கி மிதித்தேன். அவர் என் பக்கம் திரும்பி, "ஏன் மாப்ளே காலை மிதிக்கிறே?" என்று சத்தமாகக் கேட்டார். எனக்கு அப்படியே ஆற்றில் குதிக்கலாம் போல இருந்தது.

நல்லவேளை, பெரியவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "அதெல்லாம் ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தின சண்டை. நாம இன்னைக்கு உள்ளதைப் பேசுவோம்" என்று எங்களைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். சமையல் நடப்பது காஸ் அடுப்பில். ஆனால் ஒரு மூலையில் மூன்று கற்கள் நட்டு, சுற்றிலும் மெழுகி வைத்திருந்தார்கள்.

"இதுதான் எங்களுக்குக் கோயில்" என்றார். "செத்துப்போன எங்க பெரியவங்க இங்கதான் இருக்காங்க. ஒரு பொண்ணு இந்த வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி, அவ யார் வீட்டுப் பொண்ணுன்னு இவங்ககிட்ட சொல்லணும். அவ அப்பா பேரு, தாத்தா பேரு, கொள்ளுத்தாத்தா பேரு. மூணு கல்லுக்கு மூணு பேரு. அது எங்க வீட்டு வழக்கம். வேற எதுவும் நாங்க கேக்கலை. நகை வேணாம், சீர் வேணாம்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. மூன்று பெயர்தானே! மச்சான் முகத்தைப் பார்த்தேன். அது வெளிறிப்போயிருந்தது.

"என் தமிழ்ப் பேரு கருப்பையா" என்றார். "எங்க அப்பா முத்தையா."

"உங்க தாத்தா?"

மச்சான் லோன்ஜி முடிச்சை அவிழ்த்துக் கட்டினார். கூரையைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். அப்புறம், "மானதேவன்" என்றார்.

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "இப்பதானே சொன்னீங்க, அந்த லிச்சவி ராஜாவா?"

"அந்தப் பேரு எங்க பக்கத்துலயும் உண்டுங்க. நாங்களும் அந்தக் காலத்துல ராஜ வம்சம்…"

"ஊ தின் அவுங்." பெரியவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு உறைத்தது. "உயிரோட இருக்கிறவங்ககிட்ட ஆயிரம் பொய் சொல்லலாம். செத்தவங்க காதுல பொய்ப் பேரை என்னால சொல்ல முடியாது. சொன்னா, உங்க பொண்ணு எங்க வீட்டுல யாரோ ஒரு அநாதையா நிப்பா. ஒரு கல் சரியா நிக்கலைன்னா அடுப்புல பானை நிக்காது. நிஜப் பேரைக் கொண்டு வாங்க. ஞாயித்துக்கிழமை நான் மேமியோ கிளம்புறேன். அதுக்குள்ள வரலைன்னா, இந்தப் பேச்சு வேணாம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அவரைத் திட்டிய திட்டு பக்கத்தில் நின்ற பர்மியப் பெண்ணுக்கே புரிந்திருக்கும். "கூறு கெட்ட மனுஷா! ராஜா பேரு கிடைச்சுது, ஒரு முனியன், ஒரு மாடன் கிடைக்கலையா? புளுகுறதுன்னா நம்புற மாதிரி புளுக வேணாமா?" அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அலோனில் இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அக்காகிட்ட இதைச் சொல்லிடாதே மாப்ளே. மானம் போயிரும். நாமளே தேடிக் கண்டுபிடிச்சிருவோம்" என்றார்.

நானும் ஒரு முட்டாள், சரி என்றேன். வீட்டில் போய், "யோசிச்சுச் சொல்றாங்களாம்" என்று சொல்லி வைத்தோம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே பிகாஷ் போன் செய்துவிட்டான். பெரியப்பா பேச்சை நிறுத்திவிட்டார், காரணம் கேட்டால் சொல்ல மறுக்கிறார் என்று. ரேவதிக்குக் காரணம் கேட்கவேண்டிய அவசியமே இல்லை. அப்பா அங்கே போய் என்ன பேசியிருப்பார் என்று அவளுக்குத் தெரியாதா?

"லிச்சவி புராணம் பாடிட்டு வந்தீங்களாப்பா?" என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நாலு வருஷம்பா. நாலு வருஷம் காத்திருந்தேன். செத்துப்போன ராஜாக்களுக்கு நான் பலியா?" கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

அடுத்த நாள் முழுக்க நானும் மச்சானும் தெருத்தெருவாக அலைந்தோம். அவர் தாத்தாவைப் பார்த்த ஆள் யாராவது உயிரோடு இருக்கவேண்டுமே! கடைசியில் போட்டாதாங் பேட்டையில் பழனியப்பன் என்று ஒரு கிழவர் அகப்பட்டார். மச்சானின் அப்பாவோடு சின்ன வயதில் மூட்டை தூக்கியவர். காது மந்தம். நான் காதருகே கத்தியதில் மாடிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"முத்தையா அப்பனா? பாத்திருக்கேன், பாத்திருக்கேன். ராம்நாடு பக்கத்து ஆளு. நெஞ்சு இந்தா இத்தனை அகலம்! மூணு ஆளு சாப்பாடு சாப்பிடுவாரு!"

"பேரு என்ன தாத்தா?"

"பேரா? மேஸ்திரி 'ஏய்'ம்பாரு. திரும்பிப் பாப்பாரு. அந்தக் காலத்துல எங்களுக்கெல்லாம் ஏதுப்பா பேரு? மேஸ்திரி பேருதான் எங்க செட்டுக்கே பேரு."

"யாருமே பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லையா?"

"மூணு ஆளு சாப்பாடு சாப்பிடுவாரு!" என்றார் மறுபடியும். அவர் மருமகள் எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

படகுத்துறையில் ஒரு கட்டையில் உட்கார்ந்தோம். எனக்குத் தாங்கவில்லை. "ஏன் மச்சான், சொந்தத் தாத்தா பேரை ஒருத்தன் தெரிஞ்சுக்காம இருப்பானா? அம்மா உயிரோட இருந்தப்ப கேட்டிருக்கலாம்ல?" என்று வெடித்தேன்.

"கேட்டேன்" என்றார். "சின்ன வயசுல கேட்டேன். அம்மா சட்டுனு வாயைப் பொத்திக்கிச்சு. 'அந்தப் பேரை நான் சொல்லக் கூடாதுடா, பாவம்'னுச்சு. இன்னொரு தடவை கேட்டப்ப அடுப்பங்கரைக்குள்ள போயிருச்சு. அதுக்கப்புறம் கேக்கலை." ஆற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பெத்த தாய் சொல்லக் கூசுற பேருன்னா, அந்த ஆளு என்ன செஞ்சிருப்பாரு மாப்ளே? திருடியிருப்பாரு. இல்ல, எவனையாவது குத்தியிருப்பாரு. இல்லாட்டி ஊரை விட்டுக் கப்பலேறி ஏன் ஓடி வரணும்? எனக்கு அதைத் தோண்டப் பயம். அதான்… மத்தவன் தாத்தாவையெல்லாம் படிச்சேன்."

இவ்வளவு வருஷமாக இந்த மனிதரைப் பார்த்து நான் பல்லைக் கடித்திருக்கிறேன், சிரித்திருக்கிறேன். அந்தக் கட்டையில் உட்கார்ந்து முதல்தடவையாக ஐயோ பாவம் என்று நினைத்தேன். கூடவே இன்னொன்றும் தோன்றியது. இந்த ஆளை நம்பி வாயை மூடிக்கொண்டிருந்தால் என் அக்கா மகள் வாழ்க்கை போய்விடும். நேரே வீட்டுக்குப் போய், அவர் தடுக்கத் தடுக்க, அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மூன்று கல், மூன்று பெயர், மானதேவன், காளியம்மா வாயைப் பொத்தியது, திருட்டு, கொலை, எல்லாம்.

அக்கா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. முதலில் சிரித்தாள். அப்புறம் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்புறம் புளிக்கையோடு எழுந்து வந்து புருஷன் முன்னால் நின்றாள்.

"அடப் பாவி மனுஷா! உங்க தாத்தாவைத் திருடனாக்கிட்டீங்களே! அத்தை ஏன் வாயைப் பொத்தினாங்க தெரியுமா? அவங்களுக்கு அவரு மாமனாரு! மாமனார் பேரை மருமக சொல்லுவாளா? எந்த ஊர்ல சொல்லுவா?"

மச்சான் விழித்தார்.

"உங்க அம்மா உங்களை ஒரு நாளாவது பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்களா? 'தம்பி', 'சாமி', 'ஏப்பா', இதுதானே? ஏன்னு யோசிச்சீங்களா? அவங்க மாமனார் பேரைத்தான் உங்களுக்கு வச்சிருக்கு. உங்க பேருதான்யா அந்தப் பேரு!"

உள்ளே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ரேவதி வந்து நின்றாள்.

"நான் வாக்கப்பட்டு வந்த மறுநாளே அத்தை சொன்னாங்க" என்று அக்கா தொடர்ந்தாள். "'உனக்குப் புருஷன் பேரு, எனக்கு மாமனார் பேரு. இந்த வீட்ல அந்தப் பேரைச் சொல்ல ஒரு ஆம்பளை இல்லாமப் போச்சேடி'னு சொல்லிட்டு அழுதாங்க. மாமா செத்தப்புறம் அந்தப் பேரு இந்த வீட்டுக்குள்ள கேக்கவே இல்லை. வெளியில போனா தின் அவுங். அவ்வளவுதான்."

"நீ ஏன் என்கிட்ட சொல்லலை?" என்றார் மச்சான்.

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிறது ஊரறிஞ்ச சங்கதி! எந்த ராஜா எவன் பேரன்னு விடிய விடியப் பேசுறீங்க. முப்பது வருஷம் கூட இருந்தீங்க, ஒரு நாள் ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களா? நேத்தாவது கேட்டீங்களா?"

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை! நான் தலையில் அடித்துக்கொண்டேன். எனக்கும்தான் தோன்றவில்லை. என் அப்பா ஏதோ நாடகம் பார்த்துவிட்டு எனக்குச் சிவராஜ் என்று பெயர் வைத்தவர், எனக்கு எங்கே தோன்றும்? மச்சான் மட்டும் சுவரோரமாக உட்கார்ந்து, "திருடன் இல்லையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "மூணு ஆளு சாப்பாடு சாப்பிடுவாராம்" என்றேன் நான். வேறு என்ன சொல்ல?

சனிக்கிழமை எல்லோருமாகத் தன்லியின் போனோம். இந்தத் தடவை அக்காவையும் கூட்டிப்போனோம், வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது. மச்சான் பஸ்ஸில் ஒரு ராஜாவைப் பற்றியும் பேசவில்லை. ஊ தன் பகதூரிடம் உள்ளது உள்ளபடி சொன்னார். பெரியவர் கேட்டுவிட்டு, "கூலிக்காரர் பேருதான் எனக்கும் வேணும். எங்க தாத்தா மட்டும் என்ன, வெள்ளைக்காரன் பட்டாளத்துல கோவேறு கழுதை மேய்ச்சவரு" என்றார். பிகாஷ் ரேவதியைப் பார்த்தான். அவள் இன்னும் அப்பாவோடு சரியாகப் பேச ஆரம்பிக்கவில்லை.

பின்கட்டில் மூன்று கற்களுக்கும் நடுவே நெருப்பு மூட்டினார்கள். பக்கத்தில் இஞ்சித் துண்டுகள், ஒரு குடுவையில் கேழ்வரகுக் கள். பெண் வீட்டார் ஒவ்வொரு பெயராக உரக்கச் சொல்லவேண்டும், பெரியவர் அதைத் திருப்பிச் சொல்லிக் கல்லின்மேல் கள்ளைத் தெளிப்பார். நெருப்பு அணைவதற்குள் மூன்றும் முடியவேண்டும்.

"ரேவதியோட அப்பா, கருப்பையா" என்றார் மச்சான். பெரியவர் திருப்பிச் சொன்னார். "தாத்தா, முத்தையா." அதையும் சொன்னார்.

மூன்றாவது கல்லுக்கு வந்ததும் மச்சானுக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றார். தோள் குலுங்கியது. திருடன் என்று நினைத்த மனிதரைப் பெயர் சொல்லி அழைக்க அவரால் முடியவில்லை. அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்ப ஆரம்பித்துவிட்டார். எனக்கு ஒரு பக்கம் பாவமாக இருந்தது, இன்னொரு பக்கம் எரிச்சல் தாங்கவில்லை. பேசக்கூடாத இடத்திலெல்லாம் பேசிவிட்டு, பேச வேண்டிய ஒரே ஒரு இடத்தில் இந்த மனிதருக்கு வாய் அடைத்துப் போக வேண்டுமா?

"நான் சொல்றேன்" என்றேன்.

"நீங்க அந்த வீட்டு ஆள் இல்லையே" என்றார் பெரியவர். "கல்யாணப் பொண்ணும் சொல்லக் கூடாது. அந்த வீட்டுல வேற யாரு இருக்கா?"

சுள்ளிகள் எரிந்து சாம்பலாகிக்கொண்டிருந்தன. ரேவதி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா கதவோரம் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைக்காரன் புருஷன் பெயரைக் கேட்டால்கூட பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்லுகிறவள் அவள். உதடு அசைந்தது.

"சத்தமா சொல்லணும்மா" என்றார் பெரியவர். "அவங்களுக்குக் கேக்கணும்."

அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"கருப்பையா!"

அந்த வீடே அதிர்ந்தது. மச்சான் அழுகையை நிறுத்திவிட்டுத் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார்.

"என்ன?" என்றார்.

"உங்களை இல்லைங்க" என்றாள் அக்கா. "சும்மா இருங்க."